கம்பு அவன் முட்டியிலேயே படுதுன்னா அது கவனக்குறைவு இல்லம்மா

அயனாவரத்துலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. கடிதம் பெருசு, முக்கியமானத மட்டும் சுருக்கி போடறேன்:

"என் பையனுக்கு 13 வயசு முடிஞ்சு 4 மாசம் ஆகுது, எட்டாவது படிக்கிறான். மூணு வருஷமா சிலம்பம் கிளாஸ் போறான், நல்லா சுத்துவான், மெடல் கூட வாங்கியிருக்கான். போன தீபாவளிலேர்ந்து என்னமோ ஆயிடுச்சு. டம்ளர கீழ போடறான், கட்டில் கால்ல இடிச்சுக்கறான், மாடிப்படியில ரெண்டு தடவை விழுந்துட்டான், கம்பு சுத்தினா தன் முட்டியிலேயே அடிச்சுக்கறான். ஒரு வருஷத்துல 9 சென்டிமீட்டர் வளந்திருக்கான். எங்க வீட்டுக்காரர் எல்லாம் போனால வர்ற கவனக்குறைவுன்னு திட்டறார், மாமியார் திருஷ்டின்னு சுத்திப் போடறாங்க, ஸ்கூல்ல ஒரு சார் எல்லார் முன்னாடியும் தடிமாடுன்னு சொல்லிட்டாராம், அன்னிலேர்ந்து சிலம்பம் கிளாஸுக்கே போக மாட்டேங்கறான். நரம்புத் தளர்ச்சியா இருக்குமா? டானிக் ஏதாவது தரலாமா? சிலம்பத்த நிறுத்திடலாமா? நாங்க சுத்த சைவம். பொண்ணுக்கு 11 வயசு, அவளும் கொஞ்ச நாளா கூன் போட்டு நடக்கறா, அதுவும் இதே பிரச்சினையா?"

வணக்கம்மா. எது அவசரமோ அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். சிலம்பத்த நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு மாசம் போட்டிக்கு அனுப்ப வேணாம், அது வேற, ஆனா கிளாஸ நிறுத்தாதீங்க. நான் பிசியோதெரபிஸ்ட், இந்த வயசு பசங்கதான் எங்கிட்ட அதிகம் வர்றாங்க, நீங்க எழுதினத படிக்கும்போது எனக்கு புதுசா எதுவுமே தெரியல, "நல்லாதான் மேடம் இருந்தான், திடீர்னு இப்படி ஆயிட்டான்"னு கண்ணு கலங்கி உக்கார்ற அம்மாக்கள வாரத்துக்கு ஒருத்தரையாவது பாக்கறேன். உங்க பையன் ஒரு வருஷத்துல 9 சென்டிமீட்டர் வளந்திருக்கான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதி பதில் அந்த ஒரு வரியிலயே இருக்கு.

குளிக்கும்போது முகத்துல சோப்பு போட்டு கண்ண மூடினதும் கை தானா செவுத்த தேடும், கவனிச்சிருக்கீங்களா? நாம கீழ விழாம நிக்கறதுக்கு மூளைக்கு மூணு இடத்துலேர்ந்து தகவல் போகணும். ஒண்ணு கண்ணு. ரெண்டாவது உள்காது, தலை எந்தப் பக்கம் சாயுது திரும்புதுன்னு அதுதான் சொல்லும். மூணாவதுதான் நம்ம கதைக்கு முக்கியம், தசையில, தசைநார்ல, மூட்டுல எல்லாம் இருக்கற உணர்வு நரம்புங்க, கை எங்க இருக்கு, முட்டி எவ்வளவு மடங்கியிருக்குன்னு பாக்காமலே சொல்றது. கரண்ட் போன ராத்திரி இருட்டுல கூட மூக்கு நுனிய சரியா தொடறோமே, அது இந்த மூணாவதாலதான். 1906ல ஷெரிங்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி இதுக்கு புரோப்ரியோசெப்ஷன்னு பேர் வெச்சார், வாயில நுழையாத பேரு, நாம உடம்புணர்வுன்னே வெச்சுக்கலாம். சோப்பு போட்டு கண்ண மூடும்போது மூணுல ஒரு ஆள் லீவு, அதான் கை செவுத்துக்குப் போகுது.

இந்த உடம்புணர்வு எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா இயன் வாட்டர்மேன்னு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் இருக்கார், 1971ல அவருக்கு 19 வயசு, ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் கழுத்துக்கு கீழ இந்த உணர்வு மொத்தமா போயிடுச்சு. தசையில பலம் இருக்கு, அசைக்க முடியும், ஆனா கை கால் எங்க இருக்குன்னே தெரியல. ஒவ்வொரு அசைவையும் கண்ணால பாத்து பாத்து திரும்ப நடக்கப் பழகினார், லைட் ஆஃப் ஆனா அப்படியே விழுந்துடுவார். உங்க பையனுக்கு அந்த மாதிரி எதுவும் போகல, பயப்படாதீங்க. அவன்கிட்ட உணர்வு இருக்கு, ஆனா அளவு மாறிப்போச்சு.

எப்படின்னா, நம்ம மூளைக்குள்ள நம்ம உடம்போட ஒரு கணக்கு இருக்கு, கை இவ்வளவு நீளம், கால் இவ்வளவு கனம், தலை இவ்வளவு உயரத்துல இருக்குன்னு. சின்ன வயசுல வளர்ச்சி மெதுவா இருக்கறதால அந்தக் கணக்கு கூடவே மாறிட்டு வரும். பையங்களுக்கு பொதுவா 13, 14 வயசுல வளர்ச்சி உச்சத்துக்குப் போகும், வருஷத்துக்கு 9 சென்டிமீட்டர், சில பேருக்கு 10க்கு மேல கூட. அதுவும் எல்லாம் ஒண்ணா வளராது. முதல்ல பாதமும் கையும், அப்புறம் கால் எலும்பு, கடைசியிலதான் உடம்புப் பகுதி. அதனாலதான் இந்த வயசுப் பசங்கள பாத்தா கொக்கு மாதிரி காலு மட்டும் நீளமா தெரியும். உயரம் முதல்ல வந்துடும், அந்த நீளமான கால தூக்கி வீசி நிறுத்தற பலம் பல மாசம் கழிச்சுதான் வரும். நடுவுல இருக்கற அந்த மாசங்கள்லதான் உங்க பையன் இப்ப நிக்கறான். இன்னொண்ணு, அசைவ சரிபாத்து திருத்தற சிறுமூளை இருக்கே, அது டீனேஜ்லயும் முதிர்ந்துட்டுதான் இருக்கும், பொண்ணுங்கள விட பையங்களுக்கு அது கொஞ்சம் லேட்டாவே முடியும். உள்காதையும் கண்ணையும் உடம்புணர்வையும் கலந்து பெரியவங்க மாதிரி பேலன்ஸ் பண்ற திறமை 15, 16 வயசு வரைக்கும் மெருகேறிட்டே இருக்கு.

டம்ளர் விழறத கொஞ்சம் பக்கத்துலேர்ந்து பாருங்க, திட்டாம பாருங்க. அவன் கை டம்ளர் இருக்கற இடத்துக்கு கரெக்டா போகாது, விரலோட பின்பக்கம் முதல்ல இடிக்கும், டம்ளர் ஆடும், அத பிடிக்க அவசரமா மூடுவான், அதுக்குள்ள அது சாஞ்சிருக்கும். ஏன்னா மூளை பழைய கை நீளத்துக்கு கணக்கு போட்டு அனுப்பிச்சு, புதுக் கை கொஞ்சம் முன்னாடியே போய் சேந்துடுச்சு. மாடிப்படியும் அதேதான், கால தூக்கினது சரிதான், ஆனா நுனி விரல் இப்ப அரை இஞ்ச் முன்னாடி இருக்கு. கட்டில் கால்ல சுண்டு விரல் இடிக்கறதும் அதேதான்.

எல்லா பசங்களுக்கும் இப்படி ஆகாது, அதையும் சொல்லிடறேன், நிறைய பேர் இந்த வயச தடுமாறாமலே தாண்டிடுவாங்க, ஏற்கெனவே விளையாடற பசங்கள்ல சில பேருக்கு மட்டும் பழகின திறமை கொஞ்ச நாள் கைய விட்டு போன மாதிரி ஆகும், வேகமா வளந்தவங்ககிட்ட அது பளிச்சுனு தெரியும். அவங்களுக்குத்தான் வலி ஜாஸ்தி. ஒண்ணுமே தெரியாதவன் விழுந்தா சிரிச்சுட்டு எழுந்துப்பான், மெடல் வாங்கினவன் விழுந்தா அவமானமா இருக்கும். அவன் கிளாஸுக்கு போக மாட்டேங்கறது சோம்பேறித்தனம் இல்லம்மா, வெக்கம். அந்த சார் சொன்ன வார்த்தைய நான் லேசா எடுத்துக்க மாட்டேன். நீங்களோ உங்க வீட்டுக்காரரோ ஸ்கூலுக்கு ஒரு தடவை போய், சண்டையா இல்லாம, "சார் இவன் ஒரு வருஷத்துல 9 சென்டிமீட்டர் வளந்திருக்கான், உடம்பு செட் ஆகற வரைக்கும் தடுமாறுவான், எல்லார் முன்னாடியும் அப்படி சொல்லாதீங்க"ன்னு நேராவே சொல்லிட்டு வாங்க. இத சொல்றதுக்கு சங்கடப்படவே படாதீங்க.

இப்ப கம்பு. உங்க கடிதத்துல நான் ரெண்டு தடவை படிச்ச இடம் இதுதான். கம்பு ஆளோட நெத்தி உயரம் இருக்கணும்னு மாஸ்டருங்க அளவு பாத்துதான் தருவாங்க இல்லையா. அவன் இப்ப வெச்சிருக்கற கம்ப அவன் பக்கத்துல செங்குத்தா நிறுத்திப் பாருங்க. போன வருஷம் நெத்திக்கு வந்த கம்பு 9 சென்டிமீட்டர் வளந்த பையனுக்கு மூக்குகிட்டதான் நிக்கும். கை நீளமாயிடுச்சு, தோள் மேல போயிடுச்சு, கம்பு மட்டும் பழைய அளவு, ஆனா மூணு வருஷமா மணிக்கட்டுல ஏறின பழக்கம் அந்த பழைய உடம்புக்கு ஏறினது. அவன் பழைய வீச்சையே வீசறான், முட்டிதான் புது இடத்துல இருக்கு. மாஸ்டர்கிட்ட சொல்லி புதுக் கம்பு மாத்துங்க, ஒரு மாசம் வேகமே வேணாம், முதல்ல கம்பில்லாம வெறும் காலடி மட்டும், அப்புறம் கம்போட மெதுவா, கண்ணாடி முன்னாடி நின்னு சுத்தினா இன்னும் நல்லது. அனுபவப்பட்ட மாஸ்டருக்கு இத நான் சொல்லித்தரவே வேணாம், வளர்ற பசங்கள அவர் எத்தனை பேர பாத்திருப்பார்.

கம்பு மாதிரியே ஷூ. நம்ம வீடுகள்ல வளர்ற பையன்தானேன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்கி முன்னாடி துணி வெச்சு போட்டு அனுப்பறது வழக்கம், எங்கம்மாவும் எனக்கு அப்படித்தான் வாங்குவாங்க, பணக் கஷ்டத்துல அது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாதம் எங்க முடியுதுன்னே தெரியாத பையனுக்கு அது இன்னும் குழப்பம். விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் இருந்தா போதும். சைக்கிள் இருந்தா சீட்ட ஏத்துங்க. பஸ்ல ஸ்கூலுக்கு போறான்னா ஃபுட்போர்டு மட்டும் கூடவே கூடாது, அவன்கிட்ட உக்காந்து காரணத்தோட பேசுங்க, தன் கால் எங்க இருக்குன்னு தனக்கே சரியா தெரியாத வயசுல படியில தொங்கறது எவ்வளவு ஆபத்துன்னு.

உங்க வீட்டுக்காரர் போன பத்தி சொன்னது முழுக்க தப்புன்னும் சொல்ல மாட்டேன். போனால இது வரல. ஆனா உடம்புணர்வு குழம்பியிருக்கற இந்த நேரத்துல இந்த வயசு பசங்க கண்ண அதிகமா நம்பித்தான் பேலன்ஸ் பண்ணுவாங்க, அந்தக் கண்ணையும் போன்ல வெச்சுட்டு மாடிப்படி இறங்கினா புடிச்சுக்க என்ன இருக்கு? அதனால நடக்கும்போதும் படியிலயும் போன் வேணாம், அவ்வளவுதான் ரூல். ராத்திரி போன வெளிய வெச்சுட்டு 8லேர்ந்து 10 மணி நேரம் தூங்கணும், இந்த வயசுக்கு அவ்வளவு தேவை, தூக்கம் குறைஞ்ச பையனுக்கு தடுமாற்றம் நிச்சயமா கூடும்.

பயிற்சின்னு தனியா ஜிம்முக்கெல்லாம் போக வேணாம். காலையில பல் தேய்க்கும்போது ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லுங்க, ஒரு நிமிஷம் இந்தக் கால் ஒரு நிமிஷம் அந்தக் கால், முதல் வாரம் வாஷ்பேசின புடிச்சுக்கட்டும், அது சுலபமானதும் செவுத்துப் பக்கத்துல நின்னு கண்ண மூடி பத்து வினாடி. கண்ண மூடினதும் கணுக்கால் படபடன்னு ஆடும், அந்த ஆட்டம் நல்ல ஆட்டம், மூளை புது அளவ எடுத்துட்டிருக்கு, அவன்கிட்டயும் அத அப்படியே சொல்லுங்க, தோத்துட்டோம்னு நினைக்க மாட்டான். ஹால்ல டைல்ஸ் கோட்டு மேல குதிகால விரலோட ஒட்டி ஒட்டி நடக்கலாம், அப்புறம் அதையே ஒரு சொம்பு நிறைய தண்ணி வெச்சுக்கிட்டு. ஒத்தக் கால்ல நின்னு செவுத்துல பந்து போட்டு பிடிக்கலாம். குதிச்சா சத்தம் வராம முட்டிய மடக்கி பூனை மாதிரி இறங்கப் பழகணும், இது ரொம்ப முக்கியம், கணுக்கால் சுளுக்கும் முட்டி அடியும் நிறைய இறங்கறப்பதான் வருது. ஃபுட்பால் பசங்களுக்கு ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம்அப் இருக்கு, அதுலயும் ஒத்தக் கால் நிக்கறது, குதிச்சு இறங்கறது எல்லாம் இருக்கு, ஒழுங்கா பண்ற டீம்கள்ல அடிபடறது குறையுதுன்னு நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல இதுக்கு பேரே வேற, நொண்டி, பாண்டி, பச்சைக்குதிரை, கிளித்தட்டு. இத்தனை நல்ல பேலன்ஸ் பயிற்சிய தெருவுல வெச்சுட்டு நாம அபார்ட்மென்ட்டுக்குள்ள பசங்கள உக்கார வெச்சுட்டோமேன்னு எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு மெரினாவோ பெசன்ட் நகரோ கூட்டிட்டுப் போங்க, செருப்ப கைல வெச்சுக்கிட்டு மணல்ல நடக்கட்டும், கண்ணாடி குத்தாத இடமா பாத்து. காஞ்ச மணல் ஒவ்வொரு அடிக்கும் வேற மாதிரி அமுங்கும், ஈர மணல் கெட்டியா இருக்கும், ரெண்டுலயும் மாறி மாறி நடந்தா பாதமும் கணுக்காலும் ஒவ்வொரு அடிக்கும் மூளைக்கு சேதி அனுப்பிட்டே இருக்கும். அப்பாவும் கூட நடந்தா ரொம்ப நல்லது, போன மாசம் எங்கிட்ட வந்த ஒரு அப்பா ஒத்தக் கால்ல கண்ண மூடி நாலு வினாடி கூட நிக்க முடியாம செவுத்த புடிச்சுக்கிட்டார், பையன் ஏழு வினாடி நின்னான், அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் அந்த அப்பா பையன திட்டறத விட்டுட்டார்னு அவங்கம்மா சொன்னாங்க.

தினமும் இதுக்குன்னு பத்து பதினஞ்சு நிமிஷம் போதும். மத்தபடி இந்த வயசுக்கு நாளைக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சிலம்பம் கிளாஸ் இருக்கற நாள் அது தானா வந்துடும். நிறுத்தாதீங்கன்னு முதல் வரியிலயே சொன்னது இதுக்குத்தான், மூளை புது உடம்ப பழகறது அசைஞ்சு அசைஞ்சுதான், உக்காந்து இருந்தா அது யாரப் பாத்து கணக்க மாத்தும்?

நரம்புத் தளர்ச்சி, டானிக் ரெண்டுக்கும் வர்றேன். டிவியில விளம்பரம் வர்ற டானிக் எதுவும் வேணாம். ஆனா நீங்க சுத்த சைவம்னு எழுதினதால ஒரு ரத்த டெஸ்ட் பண்ணச் சொல்வேன், வைட்டமின் பி12. இது முட்டை, மீன், கறி, பால் இதுலதான் கிடைக்கும், வளர்ற பையன் பாலும் தயிரும் சரியா சாப்பிடலன்னா குறைய வாய்ப்பு இருக்கு. பி12 ரொம்ப குறைஞ்சா தண்டுவடத்துல இந்த உடம்புணர்வ தூக்கிட்டுப் போற பாதையே பாதிக்கும், கால் மதமதப்பு, இருட்டுல தள்ளாட்டம் வரும். கூடவே ஹீமோகுளோபினும் வைட்டமின் டியும் பாத்துடுங்க, வெயில் கொளுத்தற சென்னையில இருந்துட்டே பசங்களுக்கு டி குறைவா இருக்கறது எனக்கு சகஜமா தெரியுது. குறைஞ்சா டாக்டர் எழுதித் தர்ற மாத்திரை, நீங்களா மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கறது வேணாம்.

கீழ சொல்ற ஏதாவது ஒண்ணு இருந்தா மட்டும் என் கடிதத்த வெச்சுக்கிட்டு காத்திருக்காம உடனே டாக்டர பாருங்க. ஒரு பக்க கையோ காலோ மட்டும் பலவீனமா இருக்கறது, காலையில எழுந்ததும் தலைவலியோட வாந்தி, ரெண்டு ரெண்டா தெரியறது, பேச்சு குழறுறது, வாரா வாரம் தடுமாற்றம் கூடிட்டே போறது, தரையிலேர்ந்து எழ தொடையில கைய ஊணி எழறது, இடுப்பு வலியோடயோ முட்டி வலியோடயோ நொண்டறது. கடைசியா சொன்னதுல இடுப்பு மூட்டுல எலும்போட வளர்ச்சிப் பகுதி நழுவற ஒரு பிரச்சினை இந்த வயசுல வரும், வலி முட்டியில தெரியும், கோளாறு இடுப்புல இருக்கும், அத தள்ளிப் போடவே கூடாது. செலவ நினைச்சு தயங்க வேணாம், சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச்ல எலும்புக்கும் நரம்புக்கும் தனித்தனி பிரிவே இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே பட்டன் போடறது, ஷூ லேஸ் கட்டறது, சைக்கிள் எல்லாமே கஷ்டமா இருந்த பையன்னா அதுவும் வேற கதை, ஆனா உங்க பையன் மூணு வருஷம் கம்பு சுத்தினவன், அது இல்ல.

இப்ப பொண்ணு. பையங்கள விட பொண்ணுங்களுக்கு இந்த வளர்ச்சி ரெண்டு வருஷம் முன்னாடியே வரும், அதனால 11 வயசு தங்கச்சியும் 13 வயசு அண்ணனும் இப்ப ஒரே கட்டத்துல நிக்கறாங்க. ஆனா அவ கூன் போடறது வேற காரணமா இருக்கலாம். மார்பு வளர ஆரம்பிச்ச பொண்ணு தோள முன்னாடி இழுத்து உடம்ப மறைச்சுப்பா, புத்தகத்த நெஞ்சோட அணைச்சுப்பா, அவளுக்கு தன் உடம்பு எங்க இருக்குன்னு தெரியாம இல்ல, எல்லாரும் பாக்கறாங்கங்கற நினைப்புதான் பாரம். "நிமிந்து நட"ன்னு ஆள் இருக்கும்போது சொல்லாதீங்க, இன்னும் குறுகிடுவா. தனியா உக்காந்து பேசுங்க, அளவான வசதியான உள்ளாடை வாங்கிக் குடுங்க, ஸ்கூல் பைய ரெண்டு தோள்லயும் மாட்டச் சொல்லுங்க. வீட்டுல வெச்சு ஒண்ணு மட்டும் பாருங்க, காலை சேத்து வெச்சு முன்னாடி குனியச் சொல்லி பின்னாலேர்ந்து முதுக பாருங்க, ஒரு பக்கம் மட்டும் மேடா தூக்கியிருந்தா முதுகுத்தண்டு வளைவா இருக்கலாம், வேகமா வளர்ற வயசுல அந்த வளைவு கூடும், பொண்ணுங்களுக்கு அது கூடறதுக்கு வாய்ப்பு அதிகம், அப்ப எலும்பு டாக்டர்கிட்ட காமிங்க. ரெண்டு பக்கமும் சமமா இருந்தா நிம்மதியா இருங்க, அண்ணன் பண்ற பயிற்சியில அவளையும் சேத்துக்கோங்க. அவளும் சிலம்பம் கேட்டா அனுப்புங்க.

மாமியார் சுத்திப் போடறதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பாட்டிக்கு பேரன் மேல இருக்கற பயம் அது. ஆனா அவங்ககிட்ட ஒரு வேலை குடுங்க, நிலைப்படியில மாசம் ஒண்ணாம் தேதி அவன் உயரத்த பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதச் சொல்லுங்க. கோட்டுக்குக் கோடு இடைவெளி குறைய ஆரம்பிக்கும்போது தடுமாற்றமும் குறையறத நீங்களே பாப்பீங்க, சில பேருக்கு ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும். பி12 ரிசல்ட் வந்ததும் நம்பரோட எழுதுங்க, புதுக் கம்பு எந்த அளவு வாங்கினீங்கன்னும் சொல்லுங்க.